லேப்டாப்பில் வேலை செய்யும் மோடம் ரவுட்டரில் முடங்குவது ஏன்?

கேள்வி: பழைய ரவுட்டர் ஒன்றில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல ரவுட்டர் மென்பொருளை ஏற்றி, ஹுவாவே இ3372 வகை 4ஜி யூஎஸ்பி மோடத்தைச் செருகியிருக்கிறேன். மோடத்தின் விளக்கு எரிகிறது. ஆனால் இணையம் வரவில்லை. உபுண்டு லேப்டாப்பில் செருகினால் உடனே வருகிறது. ரவுட்டரின் கெர்னல் லாகில் (இயங்குதளத்தின் நிகழ்வுப் பதிவில்) 12டி1, 1எஃப்01 என்ற இரண்டு அடையாள எண்கள் தெரிகின்றன. ரவுட்டரின் முகவரி 192.168.8.1. மென்பொருளை இருமுறை புதிதாக ஏற்றியும் பயனில்லை. மோடம் பழுதா?

பதில்: பழுதில்லை. லேப்டாப்பில் அது இயங்குவதே அதற்குச் சான்று. உங்கள் கேள்வியிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது; மென்பொருளை மீண்டும் ஏற்றுவதற்கு முன் அந்த இரண்டு எண்களைக் கவனித்திருந்தால் ஒரு நாள் உழைப்பு மிச்சமாகியிருக்கும்.

12டி1 என்பது ஹுவாவேக்கு உரிய எண். அடுத்து வரும் 1எஃப்01, மோடம் இன்னும் மோடமாக மாறவில்லை என்பதைக் காட்டுகிறது. இவ்வகை மோடங்கள் செருகியவுடன் தம்மை ஒரு சிடி டிரைவாகவே அறிமுகப்படுத்திக்கொள்ளும். விண்டோஸ் கணினியில் டிரைவர் மென்பொருளைத் தனிக் குறுந்தகடு இல்லாமல் நிறுவுவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ‘வேடத்தைக் கலை’ என்று யாராவது கட்டளை அனுப்பினால்தான் அது மோடமாக மாறும். உபுண்டுவில் அந்த வேலையைச் செய்யும் யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் முன்பே நிறுவப்பட்டிருக்கிறது. சில மெகாபைட் நினைவகத்துக்குள் அடங்க வேண்டிய ரவுட்டர் மென்பொருளில் அதை நாம்தான் சேர்க்க வேண்டும். அதனுடன், மோடத்தை ஈதர்நெட் கார்டு போலக் கையாளும் சிடிசி-ஈதர் டிரைவரையும் நிறுவுங்கள். இணையம் இல்லாத ரவுட்டரில் எப்படி நிறுவுவது என்று கேட்பீர்கள். பேக்கேஜ் கோப்புகளை லேப்டாப்பில் இறக்கி, ரவுட்டரின் அமைப்புகளை உலாவியில் மாற்ற உதவும் லூசி பக்கத்தின் வழியே ஏற்றிவிடலாம்.

பின்னர் மோடத்தைக் கழற்றிச் செருகி லாகைப் பாருங்கள். இரண்டாம் எண் 14டிசி என்று மாறினால், அது ஹைலிங்க் முறையில் இயங்குகிறது. அதாவது தானே ஒரு சிறிய ரவுட்டராகச் செயல்பட்டு, உங்கள் ரவுட்டருக்கு ஓர் ஈதர்நெட் கார்டு போலத் தோன்றும். 1506 என்று வந்தால் அது ஸ்டிக் முறை. அதற்கு என்சிஎம் டிரைவரும் ஏபிஎன் (சிம் நிறுவனத்தின் இணைய நுழைவுப் பெயர்) அமைப்பும் வேறாகத் தேவைப்படும் என்பதால், அந்த எண் வந்தால் மீண்டும் எழுதுங்கள்.

ஹைலிங்க் என்றால் அடுத்த தடை உங்களுக்காகக் காத்திருக்கிறது. அந்த மோடத்தின் வழக்கமான முகவரியும் 192.168.8.1தான். ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே கதவிலக்கம் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? உங்கள் ரவுட்டரின் லேன் (வீட்டுப் பிணைய) முகவரியை 192.168.1.1 என்றோ, மூன்றாம் பகுதியில் 8 வராத வேறு எண்ணாகவோ மாற்றிவிடுங்கள். அதன்பின் புதிதாகத் தோன்றும் ஈத்1 அல்லது யூஎஸ்பி0 சாதனத்தின்மீது முகவரியைத் தானாகப் பெறும் டிஎச்சிபி கிளையன்ட் வகையில் ஓர் இன்டர்ஃபேஸ் உருவாக்கி, ஃபயர்வால் பகுதியில் அதை வான் (வெளி இணைய) மண்டலத்தில் சேருங்கள். இந்தக் கடைசிப் படியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்போது ரவுட்டரிலிருந்து பிங் (இணைப்புச் சோதனை) போகும், வீட்டிலுள்ள கைபேசிகளில் மட்டும் எதுவும் திறக்காது.

இவ்வளவும் சரியாகி, பெரிய கோப்புகளை இறக்கும்போது மட்டும் இணைப்பு அறுந்தால், லாகில் ‘யூஎஸ்பி டிஸ்கனெக்ட்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் தருவதற்கே வகுக்கப்பட்டது. சிக்னல் மெலிந்த இடத்தில் மோடம் முழுத் திறனில் அனுப்பும்போது பழைய ரவுட்டரின் அடாப்டர் திணறக்கூடும். தனி அடாப்டருடன் வரும் யூஎஸ்பி ஹப் ஒன்றை இடையில் வைத்துப் பாருங்கள்.