கிறிஸ்துமஸ் மரத்தடிக்கு ஒரு குயில்ட் விரிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தலையணை உறை, பாவாடை அளவுக்கு மெஷினில் தைத்துப் பழக்கம் உண்டு, குயில்ட் (இரு துணிகளுக்கு நடுவே பஞ்சு அடுக்கு வைத்துத் தைப்பது) இதுவரை தைத்ததில்லை. வீட்டிலுள்ள ஆறடிச் செயற்கை மரத்துக்கு நட்சத்திர வடிவில் ஒரு ட்ரீ ஸ்கர்ட், அதாவது மரத்தடி விரிப்பு, தைக்க ஆசைப்படுகிறேன். முதல் முயற்சிக்கு அது பொருந்துமா? எவ்வளவு துணி வாங்க வேண்டும்?

பதில்: நட்சத்திரத்தை இரண்டாவது விரிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு முனையிலும் ஓரப் பட்டியை மடித்துத் திருப்ப வேண்டும்; இரு முனைகளுக்கு இடையே உள்வாங்கும் மூலையிலோ அதே பட்டி சுருக்கம் விழாமல் படிய வேண்டும். கை தேர்ந்தவர்களே நிதானித்துத் தைக்கும் இடங்கள் அவை. முதன்முறையாகத் தைப்பவருக்கு ஏற்றது, இரண்டு நிறத் துணிகளில் மாறி மாறி எட்டுத் துண்டுகள் சேர்ந்த வட்டம்தான். குயில்ட் வேலையில் பல முனைகள் ஒரே புள்ளியில் சந்திக்கும் இடமே எல்லோரையும் திணற வைக்கும். மரத்தடி விரிப்பிலோ அந்த நடுப்பகுதியை மரத்தண்டுக்காக எப்படியும் வெட்டி எடுத்துவிடுகிறோம். எட்டு முனைகளும் நூல் பிசகாமல் சேர்ந்தனவா என்று கேட்க அங்கே யாரும் இருக்கப்போவதில்லை.

மாதிரி வெட்டக் கோணமானி தேவையில்லை. 20 அங்குலத்துக்குக் குறையாத சதுரத் தாளை எடுத்து, அம்பர்லா பாவாடைக்கு அளப்பதுபோல் ஒரு மூலையில் டேப்பின் நுனியை வைத்து, 20 அங்குலத்தில் வரிசையாகப் புள்ளிகள் இட்டு வளைவை வரைந்து வெட்டினால் கால் வட்டம் கிடைக்கும். மூலை குலையாமல் அதை ஒரு முறை சரிபாதியாக மடித்தால், அதுவே உங்களுக்கு வேண்டிய 45 பாகைத் துண்டு. 44 அங்குல அகலத் துணியில் 20 அங்குல உயரப் பட்டியை எடுத்து, மாதிரியை ஒருமுறை நேராகவும் அடுத்த முறை தலைகீழாகவும் வைத்து வெட்டினால் நான்கு துண்டுகள் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் துணியில் மரமோ மணியோ ஒரே திசையில் அச்சாகியிருந்தால், இந்தச் சிக்கனத்தில் பாதிப் படங்கள் தலைகீழாகிவிடும். ஆகவே எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் தெரியும் சின்னப் பூ, புள்ளி, கட்டம் போன்றவற்றையே தேர்ந்தெடுங்கள்.

மேல்பக்கத்துக்கு ஒரு நிறத்தில் முக்கால் மீட்டர், மற்றொரு நிறத்தில் முக்கால் மீட்டர், அடித்துணிக்கு ஒன்றேகால் மீட்டர், ஓரப் பட்டிக்கு முக்கால் மீட்டர், நடுவில் வைக்க 42 அங்குலச் சதுரத்தில் மெல்லிய பேட்டிங் (பஞ்சு அடுக்கு) என வாங்கினால், துவைத்ததில் சற்றுச் சுருங்கினாலும் போதும். கால் அங்குலத் தையல் போக, முடிந்த விரிப்பு ஏறத்தாழ 38½ அங்குல விட்டம் வரும். ஆறடி மரத்தின் ஸ்டாண்டை மறைத்து, சுற்றிலும் கொஞ்சம் விரிந்து கிடக்க இது போதும். உங்கள் ஸ்டாண்டின் கால்கள் எவ்வளவு அகலம் என்று மட்டும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். 48 அங்குலத்துக்குப் போனால் அடித்துணியை ஒட்டுப்போட்டுத்தான் ஆக வேண்டும். முதல் விரிப்பில் அந்த வேலை எதற்கு?

கேள்வி: எட்டுத் துண்டுகளையும் இணைத்து முடித்தேன். தரையில் விரித்தால் தட்டையாகப் படியாமல் நடுப்பகுதி கூடாரம்போல் எழும்பி நிற்கிறது. ஒவ்வொரு தையலுக்கும் கால் அங்குலத்தைவிடச் சற்று அதிகமாகத் துணி விட்டதுதான் காரணமா? எல்லாவற்றையும் பிரித்துவிட்டுத் தொடங்க வேண்டுமா?

பதில்: பிரிக்க வேண்டாம், காரணமும் நீங்கள் நினைப்பதன்று. தையலுக்கு விட்ட துணி கால் அங்குலமோ அரை அங்குலமோ, மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருந்தால் துண்டின் பக்கங்கள் இரண்டும் சம அளவில் உள்ளே நகரும். 45 பாகை 45 ஆகவே இருக்கும். வட்டம் சற்றுச் சிறிதாகும், அவ்வளவுதான். கூடாரம் எழுவது, தையல் ஒரு முனையில் ஓர் அளவாகவும் மறுமுனையில் வேறு அளவாகவும் சாய்ந்து ஓடும்போதுதான். வெளிவளைவுப் பக்கம் தையல் சற்று உள்ளே தள்ளிப் போனால், ஒவ்வொரு துண்டும் கோணத்தில் இம்மியளவு இழக்கும். எட்டு இம்மிகள் சேர்ந்து வட்டத்தை இழுத்துப் பிடிக்கும். இதற்கு மாறாக, மையத்தின் பக்கம் அதிகமாகப் பிடித்துத் தைத்தால் விளிம்பு அலை அலையாகச் சுருளும்.

இன்னொரு காரணமும் உண்டு. துண்டின் நடுக்கோடு நெடுக்கு நூலோடு போனால், இரு பக்க விளிம்புகளும் சாய்வாக வெட்டுப்பட்டவையாக இருக்கும். சாய்வாக வெட்டிய துணி கைபட்டாலே நீளும். மெஷினில் கீழ்த்துணி பற்களால் இழுபட்டு முன்னே போக, மேல்துணி பின்தங்க, முடிவில் ஒன்று மற்றதைவிட நீண்டிருக்கும்; அதைச் சமன்செய்ய நாமும் இழுத்துவிடுகிறோம். வெட்டுவதற்கு முன்பே துணிக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்துவிட்டால் இந்த நீட்சி பெருமளவு அடங்கும். இரு முனைகளிலும் நடுவிலும் குண்டூசி குத்திவிட்டுத் தையுங்கள். தையலை அமுக்கும்போது இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல், தூக்கி வைத்துத் தூக்கி எடுங்கள்.

உங்கள் விரிப்பைப் பொறுத்தவரை, நான்கு நான்கு துண்டுகளாக இரண்டு அரைவட்டம் கிடைக்கும்படி எதிரெதிரான இரண்டு தையல்களை மட்டும் பிரியுங்கள். ஒவ்வோர் அரைவட்டத்தின் நேர்விளிம்பிலும் நீளமான ஸ்கேலை வைத்துப் பாருங்கள். விளிம்பு ஸ்கேலோடு ஒட்டாமல், மையத்தில் முட்டுப்போல் வெளியே துருத்தி இரு முனைகளும் பின்வாங்கியிருந்தால் அரைவட்டம் 180 பாகைக்குக் குறைவு; மையம் உள்ளே குழிந்து முனைகள் வெளியே வந்திருந்தால் அதிகம். எப்படியிருந்தாலும் ஸ்கேலை ஒட்டி நேராக ஒரு கோடிட்டு, அதன்படி சீவிவிட்டு இரண்டையும் இணைத்துவிட்டால் வட்டம் தட்டையாகப் படியும். ஓரிரண்டு துண்டுகள் மற்றவற்றைவிட மெலிந்து தெரியும். மரத்தை அலங்கரித்து விளக்கு போட்டபின் அதை ஸ்கேல் வைத்து அளக்க யாரும் வரமாட்டார்கள்.

கேள்வி: மரத்தைச் சுற்றி மாட்டுவதற்கான பிளவை முதலிலேயே விட்டுவிட வேண்டுமா, கடைசியில் வெட்ட வேண்டுமா? இருவிதமாகவும் சொல்கிறார்கள்.

பதில்: இருவிதமாகவும் தைக்கலாம், புதியவர் கடைசியில் வெட்டுவதே நல்லது. பிளவோடு இருக்கும் வட்டத்தை மூன்று அடுக்காக விரிக்கும்போது, பிளவின் இரு ஓரங்களும் ஒன்றை விட்டு ஒன்று விலகியோ ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ நிற்கும். அப்படியே குயில்டிங் (மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் தையல்) தைத்துவிட்டால் பிறகு திருத்த வழியில்லை. முழு வட்டமாக வைத்துத் தைத்து முடித்தபின், ஒரு துண்டின் நடுக்கோட்டைத் தையல் சாக்பீஸால் விளிம்பிலிருந்து மையம் வரை வரையுங்கள். அந்தக் கோட்டுக்கு இருபுறமும் அரைக்கால் அங்குலம் தள்ளி ஒவ்வொரு நேர்த்தையல் போடுங்கள். மையத்திலும் 5 அங்குல விட்டத்துக்கு ஒரு வட்டம் வரைந்து, அதற்கு அரைக்கால் அங்குலம் வெளியே ஒரு சுற்றுத் தையல் போடுங்கள். மெல்லிய கம்பித் தண்டுள்ள செயற்கை மரத்துக்கு 4 அங்குலமே போதும். அதன்பிறகு கத்தரியை எடுங்கள். ஏற்கெனவே தையல் பிடித்திருப்பதால் மூன்று அடுக்கும் நழுவாது, குயில்டிங் நூலும் பிரிந்து வராது. அந்தத் தையல்கள் எல்லாம் பின்னர் ஓரப் பட்டிக்குள் மறைந்துபோகும்.

கேள்வி: என்னிடம் சாதாரண வீட்டு மெஷின்தான் இருக்கிறது. குயில்டிங்குக்கு வாக்கிங் ஃபுட் கட்டாயமா? கோடுகளை எப்படித் திட்டமிடுவது?

பதில்: கட்டாயமில்லை, ஆனால் உங்கள் மெஷினுக்குப் பொருந்துவது கிடைத்தால் வாங்கிவிடுங்கள், மேல்துணியையும் கீழ்த்துணியையும் ஒரே வேகத்தில் நகர்த்துவதால் அடித்துணியில் மடிப்பு விழுவது வெகுவாகக் குறையும். இல்லாதவர்கள் பிரஷர் ஃபுட்டின் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தி, மெல்லிய பேட்டிங்கையே பயன்படுத்தி, ஊக்குகளை நெருக்கமாகக் குத்தினால் சமாளிக்கலாம்.

அடித்துணியை உள்பக்கம் மேலே தெரியும்படி தரையில் விரித்து, சுருக்கமின்றி, ஆனால் இழுத்து நீட்டாமல் நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். அதன்மேல் பேட்டிங், அதன்மேல் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி வட்டம். மையத்திலிருந்து வெளியே தடவிக்கொண்டே போய், நான்கு அங்குலத்துக்கு ஓர் ஊக்கு வீதம் குத்துங்கள். ஊசி 14 நம்பர், தையல் நீளம் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

முதலில் துண்டுகள் இணையும் எட்டுத் தையல்களின் பள்ளத்திலேயே மையத்திலிருந்து வெளியே தைத்துச் செல்லுங்கள். அடுத்து, பிளவுக்கென ஒதுக்கிய துண்டைத் தவிர மற்ற ஏழின் நடுவிலும் ஒவ்வொரு கோடு. இந்தக் கோடுகள் வெட்டி எடுக்கப்போகும் நடுவட்டத்துக்குள் தொடங்கி, விளிம்பைத் தாண்டி முடிகின்றன; எனவே எங்கும் முடிச்சோ பின்தையலோ போட வேண்டியதில்லை. இப்போது வெளிவிளிம்பில் கோடுகளுக்கு இடையே ஏழரை அங்குல இடைவெளி இருக்கும். எவ்வளவு இடைவெளி வரை தாங்கும் என்பது பேட்டிங் உறையிலேயே அச்சிட்டிருக்கும். நான்கு அங்குலம் என்று இருந்தால், வட்டத்தின் பாதித் தொலைவிலிருந்து மட்டும் இடையிடையே இன்னொரு கோடு தையுங்கள். மையத்திலிருந்தே தொடங்கினால் அங்கே நூல் குவிந்து துணி அட்டைபோல் விறைத்துவிடும்.

கேள்வி: வளைவான விளிம்பில் பட்டி வைத்துத் தைத்தால் ஒரே சுருக்கமாக வருகிறதே?

பதில்: துணியை நேராகக் கிழித்துப் பட்டி எடுத்திருப்பீர்கள். வளைவுக்குக் கிராஸ் பட்டியே படியும். 24 அங்குலச் சதுரத்தை மூலைக்கு மூலை 45 பாகையில் வெட்டி, இரண்டரை அங்குல அகலப் பட்டிகளாக எடுத்து இணைத்தால் முழு விரிப்புக்கும் போதும். நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி செய்து, பிளவின் ஓர் ஓரத்தில் தொடங்கி, வெளிவளைவைச் சுற்றி, பிளவின் மறு ஓரம் வரை ஒரே ஓட்டமாக வைத்துத் தையுங்கள். வெளிவளைவில் பட்டியை இழுக்கவே கூடாது, சற்றுத் தளர்வாகவே விட வேண்டும். இழுத்தால் விளிம்பு கிண்ணம்போல் மடியும். நடுத்துளையில் நேர்மாறாக, இலேசாக இழுத்துப் பிடித்தால்தான் படியும். துளைக்கான பட்டியைக் கடைசியில் வைத்து, இருபுறமும் பத்து அங்குலம் அதிகமாக விட்டு மடித்துத் தைத்துவிட்டால், அதுவே மரத்தின் பின்புறம் முடிச்சுப் போடும் நாடாவும் ஆகிவிடும்.

கேள்வி: சிவப்பும் வெள்ளையும் கலந்து தைக்கிறேன். சாயம் இறங்குமா?

பதில்: அடர்சிவப்பு இறங்கக்கூடும். வெட்டுவதற்கு முன் தனியே துவைத்து, ஈரத்தோடு வெள்ளைத் துணிக் கந்தலில் அழுத்திப் பாருங்கள். கறை பட்டால் மறுபடி அலசுங்கள். அதன்பிறகும் பட்டால் வேறு சிவப்பு வாங்குங்கள். அடித்துணியையும் பட்டித் துணியையும் இதேபோல் துவைத்துவிடுவது நல்லது, ஏனெனில் ஒன்று சுருங்கி மற்றொன்று சுருங்காவிட்டால் முதல் சலவையிலேயே விரிப்பு கோணிக்கொள்ளும்.

கேள்வி: நாங்கள் வெட்டிய நிஜ மரம் வைப்போம். தினமும் ஸ்டாண்டில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. குயில்ட் விரிப்பு வீணாகிவிடாதா?

பதில்: பருத்தித் துணியும் பாலியெஸ்டர் பேட்டிங்குமாகத் தைத்தால் நனைந்தாலும் சீக்கிரம் காயும். நடுத்துளையை 6 அங்குலமாக வைத்துக்கொள்ளுங்கள். பிளவைச் சுவர்ப் பக்கமாக வைக்காமல் நீங்கள் குனிந்து தண்ணீர் ஊற்றும் பக்கமாக வைத்து, நாடா கட்டாமல் ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிட்டால் விலக்கி ஊற்றுவது எளிது. மரப்பிசின் சொட்டினால் உடனே தேய்த்துப் பரப்பாமல், ஐஸ் கட்டியை ஒரு பையில் போட்டு அதன்மேல் வைத்து இறுகவிட்டுச் சுரண்டி எடுங்கள். விழாக்காலம் முடிந்து மடித்து வைக்கும் முன், ஊசியிலைகளை நன்றாக உதறிவிட்டு, அடித்துணியில் ஈரம் இல்லையென்று தொட்டுப் பார்த்துவிட்டே பெட்டியில் வையுங்கள்.