‘அன கஸர்’னு வாய விட்டுராதீங்க தம்பி

குவைத் வந்து ரெண்டு மாசம் ஆச்சு, அரபிப் புத்தகத்துல கதபன்னா எழுதினான், குதிபன்னா எழுதப்பட்டதுன்னு போட்டிருக்கு, ஆனா குடோன்ல ஒருத்தரும் அப்படிப் பேசக் காணோமே, எந்த ஆப்ல படிக்கலாம், ரூம் வாடகை எவ்ளோன்னு கேட்டிருக்கீங்க. ஆப்பும் வாடகையும் கூட இருக்கறவங்க சொல்லுவாங்க. முதல் கேள்விதான் என்னை 2003க்கு இழுத்துட்டுப் போயிருச்சு.

நானும் குடோன்லதான் சேர்ந்தேன். மூணாவது வாரம் ரேக்ல சரியா அடுக்காத கண்ணாடி டம்ளர் பெட்டி ஒண்ணு விழுந்துருச்சு, நான் தொடக்கூட இல்ல. முதீர், அதான் மேனேஜர், வந்து கேட்டார், எனக்குத் தெரிஞ்சது கஸர், அதாவது உடைச்சான்ங்கறது மட்டும்தான், முன்னாடி ‘அன’, நான்னு சேர்த்து ‘அன கஸர்’னுட்டேன். நான் உடைச்சேன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆகி, சம்பளத்துல 12 தினார் பிடிச்சுட்டாங்க. ‘இன்கஸர்’, உடைஞ்சிருச்சுன்னு சொல்லியிருக்கணும்.

நம்ம வீட்லயும் ‘உடைக்கப்பட்டது’ன்னு யாரு பேசுறா? உடைச்சேன், உடைஞ்சிருச்சு, அவ்ளோதான. இங்க முன்னாடி ஒரு ‘இன்’ போட்டுப்பாங்க. மிஸ்ரிகாரங்க, அதான் எகிப்துக்காரங்க, ‘இத்கஸர்’ம்பாங்க, ரெண்டும் ஒண்ணுதான், குழம்பாதீங்க. யார் எடுத்தான்னு தெரியாம பர்ஸ் போனா ‘பாகவ்’, திருடிட்டாங்க, அதுவும் நம்மள மாதிரியேதான். குதிப மாதிரி சொல்லுக்குள்ள இருக்கற உயிரெழுத்து ஓசையை மாத்துற பழைய முறை நியூஸ்ல வரும், பேச்சுல சவூதி நடுவுல இருக்கற நஜ்து பக்கத்து பதுக்கள், அதான் பாலைவன நாடோடிங்ககிட்டயும் ஓமன்லயும் இன்னும் இருக்கு. பேங்க் மெசேஜ்ல யார் பிடிச்சான்னு சொல்லாம ‘தம்ம கஸ்ம்’னு வந்தா பணம் பிடிச்சாச்சுன்னு அர்த்தம், உடனே பாருங்க.

முக்கியமா, சரக்கு இறங்கும்போதே உடைஞ்சிருந்தா ‘மக்ஸூர்’, உடைஞ்சதுன்னு சத்தமா சொல்லி, டெலிவரி நோட்ல எழுத வச்சு, போட்டோ எடுத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

இருவது வருஷமா மாஃபி (இல்ல), ரோஹ் (போ), கல்லி வல்லி (விட்டுத் தள்ளு) இந்த மூணை வச்சே ஓட்டுற நம்மாளுங்க சிலர், அரபி எதுக்குடான்னு கேலி பண்ணுவாங்க, கேட்காதீங்க. அந்தப் பேச்சுல எதுக்கெடுத்தாலும் ‘அன’ முன்னாடி வந்து நிக்கும், பழி நம்ம தலையில விழும்.

எனக்கு இதைப் புரிய வச்சது ஒரு சிரியாக்கார ஸ்டோர் கீப்பர். டீ குடிக்கும்போது ஒரு பிஸ்கட்டை என் கண்ணு முன்னாடி பட்டுன்னு ஒடிச்சு ‘கஸர்த்’துன்னார். இன்னொண்ண டீயில முக்கித் தூக்கினார், பாதி அதுவா ஒடிஞ்சு கிளாசுக்குள்ள விழுந்துச்சு, ‘இன்கஸர்’னார். இப்ப ஸ்டோர் என் பொறுப்பு, புதுசா வர்ற பசங்களுக்கு நானும் பிஸ்கட் வச்சுதான் சொல்லிக்குடுக்கிறேன்.