வீட்டுக் கடன் முடியும் வரை காத்திருக்கலாமா?

துறைமுக வேலையை விட்டுவிட்டு, சென்னை வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுத்தர ஆசை, ஆனால் வீட்டுக் கடன் தீர இன்னும் 11 ஆண்டுகள் இருக்கின்றன என்கிறீர்கள். காத்திருக்க வேண்டாம், கால்பந்து கற்றுத்தர, கடன் தீரும் வரை 11 ஆண்டுகள் பொறுக்கத் தேவையில்லை. வேலையை விடுவதையும் பயிற்சியைத் தொடங்குவதையும் நீங்கள் ஒரே முடிவாகப் பார்ப்பதே தடையாக இருக்கக்கூடும்.

இன்று 10 வயதில் வெறுங்காலோடு பந்தைத் துரத்தும் பிள்ளைக்கு அப்போது 21 ஆகியிருக்கும். உங்கள் முழங்காலும் தளர்ந்திருக்கும். இந்த இழப்பு எந்த வட்டிக் கணக்கிலும் வராது என்பதே என் வருத்தம்.

நான்கு ஞாயிறு காலைகள் மட்டும் மைதானத்துக்குச் சென்று பாருங்கள். ஐந்தாம் வாரமும் போகத் தோன்றினால், அது வெறும் ஏக்கம் அல்ல.

ஆனால் துறைமுக வேலையை இப்போது விடாதீர்கள். கடன் மாறும் வட்டியில் இருந்தால், தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வாங்குவதை ரிசர்வ் வங்கி 2012-இலேயே தடுத்துவிட்டதால், போனஸ் தொகையைச் செலுத்திக் காலத்தைக் குறைக்கலாம்.