மறுமுனையில் இருப்பவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மென்பொருள் எழுதுவது பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன் நான். நிரலில் யார் எதை எப்போது மாற்றினார் என்று பதிந்துவைக்கும் கிட் கருவியின் மூலநிரலில், தொலைவிலுள்ள சர்வரோடு இணையும் வேலையைச் செய்யும் கனெக்ட்.சி கோப்பைச் சில மாதங்களாகப் படித்துவருகிறேன். வேறு கணினியில் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச், கிட்டின் சொந்த நெறிமுறை (இரு கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகள்), உள்ளூர்க் கோப்பகம் ஆகிய எல்லா வழிகளும் அதில் பின்னிக் கிடக்கின்றன. எங்கு பார்த்தாலும் விதிவிலக்குகள். என் பிரதியில் அவற்றில் பலவற்றை நீக்கி, முழுக் கோப்பையும் ஒழுங்குபடுத்தினேன். அனுபவமுள்ள நண்பர் ஒருவரிடம் காட்டியபோது, துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதிய பிறகு வரச் சொன்னார். அழகான நிரலுக்கு இவ்வளவுதான் மதிப்பா? ஒவ்வொரு வழியையும் தனித்தனி அமைப்பாகப் பிரிப்பது சரியா, பொதுச் செயற்கூறு ஒன்றுக்குள் வைப்பது சரியா? எல்லாவற்றையும் ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதிவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

சில வாரங்களாக நான் அதே கோப்பின் வரலாற்றைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே உங்கள் கடிதத்தை ஒத்திவைக்க மனம் வரவில்லை. ஒருவர் பிறர் எழுதிய சி நிரலை மாதக்கணக்கில் பொறுமையாகப் படிக்கிறார் என்பதே எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ரஸ்ட் பற்றிய கேள்வியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். எந்த மொழியில் எழுதினாலும் நான் சொல்லப்போகும் சிக்கல் அப்படியே இருக்கும்.

"விதிவிலக்குகளை நீக்கினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவை ஏன் வந்தன என்று பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இதை நான் கண்டிக்காமல் விட முடியாது. ஒரு வரியை யார், எப்போது, எதற்காகச் சேர்த்தார் என்று தேடிச் சொல்லும் கருவியின் மூலநிரலையே கையில் வைத்துக்கொண்டு, அந்தத் தேடலைச் செய்யாமல் வரிகளை அழித்திருக்கிறீர்கள். அதற்கான கட்டளைகளான கிட் பிளேமும் கிட் லாகும் உங்கள் கணினியிலேயே இருந்தன.

இணைப்பு நிரல் மற்ற நிரலைப் போன்றதல்ல. ஒரு வரிசைப்படுத்தும் செயற்கூற்றை நீங்கள் திருத்தி எழுதினால், அதை அழைக்கும் நிரல்கள் எல்லாம் உங்கள் களஞ்சியத்திலேயே, அதாவது திட்டத்தின் கோப்புகளும் வரலாறும் இருக்கும் இடத்திலேயே, இருக்கின்றன. தவறினால் அன்றைக்கே தெரிந்துவிடும். இணைப்பின் மறுமுனையோ உங்கள் கையில் இல்லை. அங்கே பத்தாண்டுகளாக யாரும் தொடாத சர்வர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம். அதை நடத்துபவருக்கு உங்கள் பெயரும் தெரியாது, நீங்கள் செய்த ஒழுங்கும் தெரியாது. ஒருநாள் காலையில் அவருடைய பயனர்களுக்கு இணைப்பு கிடைக்காது, அவ்வளவுதான்.

நீங்கள் நீக்கியவற்றில், கிட் நெறிமுறையின் முதல் வேண்டுகோளில் வரும் இரட்டைச் சுழிய பைட்டும் (மதிப்பு சுழியமான இரண்டு பைட்டுகள் அடுத்தடுத்து) இருந்திருக்குமோ என்று அஞ்சுகிறேன். அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 9418-ஆம் போர்ட்டில் (இணைப்புக்கான வாசல் எண்) காத்திருக்கும் கிட் டீமனுக்கு, அதாவது சர்வரில் பின்னணியில் ஓடும் நிரலுக்கு, வேண்டிய சேவையின் பெயரும் களஞ்சியத்தின் பாதையும் போகும். பிறகு ஒரு சுழிய பைட், சர்வரின் பெயர், மீண்டும் ஒரு சுழிய பைட். அந்தப் பெயருக்கு அடுத்து வேறு எந்தத் தகவலைச் சேர்த்தாலும் பழைய டீமன்கள் முடிவில்லாத சுழலில் சிக்கிக்கொண்டன. 2009-இல் அந்தப் பிழை திருத்தப்பட்டது. ஆனால் எதிரில் இருப்பது திருத்தப்பட்ட டீமனா, திருத்தப்படாததா என்று இணைகிறவருக்குத் தெரிய வழியில்லை. 2017-இல் நெறிமுறையின் பதிப்பு எண்ணை அனுப்ப வேண்டிய தேவை வந்தபோது, சர்வரின் பெயருக்குப் பின்னால் இன்னொரு சுழிய பைட்டை வைத்து, அதற்கப்பால் புதிய தகவலை வைத்தார்கள். பழைய டீமன் அந்த இரட்டைச் சுழியத்தைக் கண்டதும் வாசிப்பதை நிறுத்திவிடும். புதியது மேலும் வாசிக்கும். எட்டு ஆண்டுகளுக்கு முன்பே திருத்தப்பட்ட ஒரு பிழைக்காக, யாரென்றே தெரியாத ஒரு சர்வர் நிர்வாகிக்காக, புதிய நெறிமுறையின் வடிவத்தையே வளைத்துக்கொண்டார்கள். முதல் முறை இதைப் படித்தபோது எழுதியவர்கள்மேல் எனக்குப் பெரும் மரியாதை ஏற்பட்டது. உங்களுக்கு அந்த பைட் அசிங்கமாகத் தெரிந்திருந்தால், அதன் வரலாறு உங்களுக்குத் தெரியாது என்பது மட்டுமே காரணம்.

என் பணிக்காலத்தின் தொடக்கத்தில் சென்னையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வாடிக்கையாளர்களின் கணினிகளோடு எஸ்எஸ்ஹெச் வழியாக இணைந்து மூலநிரலைப் பரிமாறிக்கொள்ள, அங்கே சொந்தமாக ஒரு கருவி வைத்திருந்தார்கள். இணைந்தவுடன், ஒரு குறிப்பிட்ட அடையாள வரி வரும்வரை வருவதையெல்லாம் வாசித்து எறியும் பகுதி ஒன்று அதில் இருந்தது. அந்தக் கருவியைப் பார்த்துக்கொண்ட மூத்த பொறியாளர் ஒரு அம்மையார். ஒவ்வொரு விசித்திரமான வரிக்கும் காரணத்தைத் தன் நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதிவைப்பார். எந்த ஊர், எந்தக் கணினி, யார் தொலைபேசியில் முறையிட்டார் என்பது வரை அதில் இருக்கும். அவர் ஓய்வு பெற்றபோது அதைக் கேட்டு வாங்கிவைக்க அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை. பிறகு வந்த ஒருவர் அந்தப் பகுதியைத் தேவையற்றதென்று நீக்கினார். ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் எல்லாம் நின்றுபோனது. அவர்களுடைய கணினியில் உள்நுழைந்தவுடன் வரவேற்பு வாசகம் ஒன்று அச்சாகும். நீக்கப்பட்ட வரிகள் அதைத் தாண்டிச் செல்வதற்காகவே எழுதப்பட்டிருந்தன. காரணம் கண்டுபிடிக்கப்படும்வரை அந்த வாடிக்கையாளர்களிடம் தினமும் வசவு வாங்கியவர்கள், நிரலைத் தொட்டே இராத இளைய ஊழியர்கள்.

கிட்டிலும் இதே சங்கடம் உண்டு. அதன் ஒவ்வொரு தகவல் துண்டின் தொடக்கத்திலும் நான்கு பதினறும (0–9, a–f) எழுத்துகள் நீளத்தைச் சொல்லும். மறுமுனையில் உள்நுழைந்தவுடன் ஓடும் ஷெல் தொடக்கக் கோப்பு ஏதாவது வாசகத்தை அச்சிட்டுவிட்டால், கிட் அந்த வாசகத்தின் முதல் நான்கு எழுத்துகளை நீளமென்று எண்ணிப் படித்துவிட்டுப் பிழை சொல்லி நிற்கும். எத்தனையோ பேர் இதில் மாட்டித் திகைத்திருக்கிறார்கள்.

அந்த அம்மையார் நோட்டில் எழுதியதைத்தான் இன்று கமிட் செய்தியில், அதாவது ஒவ்வொரு மாற்றத்தோடும் பதியும் குறிப்பில், எழுதச் சொல்கிறார்கள். உங்கள் நண்பர் கேட்டதும் அதுவே. அவர்மேல் கோபப்படாதீர்கள், உங்கள் நேரத்தையும் உழைப்பையும் மதித்ததால்தான் அப்படிச் சொன்னார்.

எல்லாப் பழைய வரிகளையும் கட்டிக் காக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோப்புகளைப் பிரதியெடுக்கும் ஆர்சிங்க் நிரலின் வழியாகக் களஞ்சியத்தைப் பிரதியெடுக்கும் வசதி கிட்டில் இருந்தது. ஒருவகைக் களஞ்சியங்களில் அது நெடுங்காலமாகவே பழுதாகிக் கிடந்ததும், ஒருவர்கூட முறையிடவில்லை என்பதும் தெரியவந்தபின், 2016-இல் வந்த 2.8 பதிப்பில் அதை முழுவதுமாக நீக்கினார்கள். பயன்படுத்துவோர் இல்லை என்பதற்குச் சான்று இருந்தது, நீக்கியது சரி. பட்டி (PuTTY) தொகுப்பிலுள்ள பிளிங்க் (plink) என்ற எஸ்எஸ்ஹெச் நிரலுக்கான விதிவிலக்கு வேறு வகை. பரவலாகப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்ஹெச்சுக்குப் போர்ட் எண்ணைச் சிறிய பி எழுத்தால் சொல்ல வேண்டும், பிளிங்குக்குப் பெரிய பி. ஆகவே அந்த விதிவிலக்கு தேவைதான். ஆனால் கட்டளைப் பாதையில் எங்கேனும் "பிளிங்க்" என்ற எழுத்துகள் வருகின்றனவா என்று மட்டும் பார்த்ததால், "அப்லிங்க்" (uplink) என்ற சொல் இருந்தாலும் பிளிங்க் என்று எடுத்துக்கொண்டது. 2015-இல் அந்தச் சோதனையைக் கோப்பின் பெயருக்கு மட்டுமாகக் குறுக்கினார்கள். துப்புரவு என்று நான் கருதுவது இதைத்தான்: தேவையை வைத்துக்கொண்டு கவனக்குறைவை மட்டும் அகற்றுவது.

விதிவிலக்கு குறைவாக இருந்ததால் ஆபத்து வந்ததும் உண்டு. எஸ்எஸ்ஹெச் முகவரியில் சர்வரின் பெயர் சிறுகோட்டில் தொடங்கினால், எஸ்எஸ்ஹெச் அதைத் தனக்கு வந்த கட்டளை விருப்பமாக எடுத்துக்கொண்டு, தாக்குபவர் விரும்பிய நிரலை ஓட்டிவிடும். கிட், அதைப் போன்ற கருவிகளான மெர்க்கூரியல், சப்வெர்ஷன் மூன்றிலும் அந்த ஓட்டை இருந்தது. 2017 ஆகஸ்டில் மூன்றும் திருத்தம் வெளியிட்டன. உங்கள் பிரதியில் அந்தச் சோதனை இன்னும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

உங்கள் கேள்வியை மறந்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். தனித்தனி அமைப்பா, பொதுச் செயற்கூறா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை; இரண்டுமே நன்றாக அமையலாம். வேலையின் வரிசைதான் முக்கியம். 2013-இன் இறுதியில் இதே கோப்பின் முகவரி பிரிக்கும் பகுதியை ஒருவர் சீரமைத்தார். அவர் முதலில் எஸ்எஸ்ஹெச் முகவரிகளுக்குச் சோதனைகள் எழுதினார். பிறகு, எங்கும் இணையாமல், ஒரு முகவரியை நெறிமுறை, சர்வர், பாதை என எப்படிப் பிரித்துக்கொண்டது என்பதை மட்டும் அச்சிடும் வசதியை ஃபெட்ச்-பேக் என்ற கிட் கட்டளையில் சேர்த்தார். அதற்கும் சோதனைகள் எழுதினார். பிரிக்கும் நிரலைச் சீரமைக்கும் பேட்ச்சுகள் (திருத்தத் துண்டுகள்) அவற்றுக்குப் பிறகே வந்தன. முக்காற்புள்ளிக்கு முன் சாய்கோடு வந்தால் அது உள்ளூர்ப் பாதை, விண்டோஸில் ஓரெழுத்தும் முக்காற்புள்ளியும் வந்தால் அது டிரைவ், ஐபிவி6 முகவரி சதுர அடைப்புக்குள் வரும் என்று எத்தனை நுணுக்கங்கள் இருந்தாலும், சோதனைகள் காவலுக்கு இருந்ததால் அவரால் துணிந்து கைவைக்க முடிந்தது.

நீங்களும் அந்த வரிசையிலேயே செய்யுங்கள். முதல் பேட்ச்சில் சோதனைகள் மட்டும் இருக்கட்டும். வரிகளை இடம் மாற்றுவது தனி பேட்ச். இடம் மாறிய வரிகளை வேறு நிறத்தில் காட்டும் வசதி கிட்டின் 2.15 பதிப்பிலிருந்து இருப்பதால் படிப்பவருக்கும் எளிது. நடத்தையை மாற்றும் ஒவ்வொரு வரியும் அதன் காரணத்தோடு தனியாகப் போகட்டும். நீங்கள் நீக்கிய விதிவிலக்குகள் ஒவ்வொன்றும் எந்தக் கமிட்டில் வந்தது, அந்தச் செய்தி என்ன சொல்கிறது என்று எழுதி எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.