சாயப்பட்டறை ஈ.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) மருந்து ஆலைக்குப் போதுமா?

ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருப்பது: "எங்கய்யன் திருப்பூர்ல ரொம்ப வருஷமா சாயப்பட்டறை நடத்துறாருங்க. நான் கெமிஸ்ட்ரி படிச்சு ஐதராபாத்ல மருந்து ஆராய்ச்சிப் பிரிவுல இருந்தேன். இப்ப ஊர்ப்பக்கமே சின்னதா ஒரு பல்க் டிரக் (மாத்திரையில் சேரும் மூல மருந்துப் பொருள்) யூனிட்டும் லேபும் போடலாம்னு இருக்கோம். கழிவுத்தண்ணி எங்களுக்குப் பழக்கந்தானுங்க. சாயத்தண்ணிக்குப் போட்ட மாதிரியே பயாலஜிக்கல் (பாக்டீரியா வைத்துச் சுத்திகரிப்பது), ஆர்.ஓ., எவாப்பரேட்டர் (தண்ணீரை ஆவியாக்கும் மெஷின்) போட்டாப் போதுமா? ஆகாதுன்னா மாத்திரை மட்டும் போட்டா சுலபமா?"

போதாது. மெஷின்களின் பெயர் ஒன்றாக இருக்கலாம், உள்ளே போகும் தண்ணீர் வேறு. சாயத்தண்ணீரில் முக்கியமான தொல்லை உப்பும் நிறமும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே குணத்தோடு வரும். வடித்து எடுக்கும் உப்புக் கரைசலை மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்பலாம். திருப்பூர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடுவதே இந்தக் கணக்கில்தான். மருந்து ஆலையில் இந்த வாரம் ஒரு சரக்கு, அடுத்த வாரம் வேறு சரக்கு. உப்போடு சால்வென்ட்டும் (கரைப்பான்), வினையில் மிஞ்சிய கெமிக்கலும், சில சமயம் மருந்தும் கலந்து வரும். அந்த உப்பை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

ஆகவே முதல் விதி, தண்ணீரைப் பிறக்கும் இடத்திலேயே பிரியுங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரியாக்டரிலிருந்து (வினை நடக்கும் கலன்) வரும் மதர் லிக்கர், அதாவது மருந்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் கரைசல், நாளைக்கு 2,000 லிட்டர், டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) லிட்டருக்கு 60,000 மில்லிகிராம், சி.ஓ.டி. (கரிமக் கழிவின் அளவு) 80,000 என்று வையுங்கள். தரை கழுவுவது, கூலிங் டவர், பாய்லர் எல்லாம் சேர்ந்து 18,000 லிட்டர், டி.டி.எஸ். 2,000, சி.ஓ.டி. 1,500. இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் 20,000 லிட்டரும் டி.டி.எஸ். 7,800, சி.ஓ.டி. 9,350 ஆகிவிடும். ஆர்.ஓ. திணறும், பாக்டீரியா தாங்காது, மொத்தத்தையும் எவாப்பரேட்டருக்குத்தான் அனுப்ப வேண்டும். மூன்று எஃபெக்ட் எவாப்பரேட்டரில் (ஒரு கலனின் ஆவியே அடுத்த கலனைச் சூடாக்கும் மூன்று கலன் அமைப்பு) ஒரு டன் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 400 கிலோ நீராவி பிடிக்கும். கலந்துவிட்டால் தினம் 8 டன் நீராவி. பிரித்து வைத்திருந்தால் மதர் லிக்கருக்கு மட்டும் 800 கிலோ. இடையில் இருக்கும் செலவுதான் பல யூனிட்களில் ராத்திரியில் வால்வைத் திறந்து கழிவைத் திருட்டுத்தனமாக வெளியே விட வைக்கிறது. அந்த நிலைமைக்கு நீங்கள் போகவே கூடாது.

பிரித்த அடர் தண்ணீரை நேரே எவாப்பரேட்டருக்கு விடாதீர்கள். முன்னால், சால்வென்ட்டை ஆவியாக்கிப் பிரித்தெடுக்கும் ஸ்ட்ரிப்பர் ஒன்று வேண்டும். அது இல்லையென்றால் மெத்தனால், அசிட்டோன் போன்றவை தண்ணீருக்கு முன்பே ஆவியாகி, கண்டன்சேட்டோடு (ஆவி குளிர்ந்து வரும் தண்ணீர்) சேர்ந்து வெளியே வரும். கண்டன்சேட் பார்ப்பதற்குக் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், டி.டி.எஸ். மீட்டரும் நல்ல எண்ணே காட்டும். சி.ஓ.டி. பார்த்தால் ஆயிரக்கணக்கில் நிற்கும். சாயப்பட்டறையில் பழகிய ஆபரேட்டர் மீட்டரை நம்பி அதை ஏரேஷன் தொட்டிக்கு (காற்றூட்டி பாக்டீரியா வளர்க்கும் தொட்டி) விடுவார். இரண்டு நாளில் நுரை பொங்கும், பாக்டீரியா சாகும், அப்புறம் சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றி மறுபடி வளர்க்கப் பார்ப்பார்கள். ஸ்ட்ரிப்பர், அதன்பின் எம்.இ.இ. (முன்பு சொன்ன பல எஃபெக்ட் எவாப்பரேட்டர்), கடைசியில் உப்பை உலர்த்த ஏ.டி.எஃப்.டி. என்ற டிரையர். கண்டன்சேட்டைச் சாதாரணத் தண்ணீரோடு சேர்த்து பயாலஜிக்கல், பிறகு ஆர்.ஓ. இந்த வரிசை மாறக் கூடாது. சரக்கு மாறும்போது வரும் அதிர்ச்சியைத் தாங்க, தண்ணீரைச் சேர்த்துக் கலந்து சமப்படுத்தும் ஈக்வலைசேஷன் தொட்டியைத் தாராளமாகவே கட்டுங்கள்.

சயனைடு பயன்படுத்தும் வினை இருந்தால், அந்தத் தண்ணீரை எதனோடும் சேர்க்காமல், காரத்தன்மையில் வைத்து ஹைப்போகுளோரைட்டால் முறித்த பிறகே வெளியே விட வேண்டும். அமிலத் தண்ணீரோடு சேர்ந்தால் விஷவாயு கிளம்பும், ஆள் பிழைக்காது. குழாயையே தனியாகப் போடுங்கள்.

நீங்கள் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து வந்தவர் என்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம், ஏனென்றால் பாதி வேலை லேபில்தான் நடக்க வேண்டும். வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் 1992-ல் வகுத்த ஈ-ஃபேக்டர் கணக்கில் (ஒரு கிலோ சரக்குக்கு எத்தனை கிலோ கழிவு), ஒரு கிலோ மருந்துக்கு 25 முதல் 100 கிலோவுக்கு மேலும் கழிவு வரும். அதில் சால்வென்ட்டின் பங்கு பெரிது. டைகுளோரோமீத்தேனுக்குப் பதில் எத்தில் அசிட்டேட் ஒத்துவருமா, நான்கு முறை கழுவுவதை இரண்டாக்க முடியுமா, காரம் போட்டு அமிலம் போட்டு உப்பு உண்டாக்கும் படி ஒன்றைத் தவிர்க்க முடியுமா என்று கண்ணாடிக் குடுவையில் வேலை செய்யும்போதே பாருங்கள். ரியாக்டர் ஏறின பிறகு மாற்ற ஆகும் செலவு வேறு. லேப் சிங்க்கில் எந்த சால்வென்ட்டும் ஊற்றக் கூடாது. குளோரின் உள்ளது ஒரு கேன், இல்லாதது வேறு கேன்.

ஆன்டிபயாடிக் செய்யும் எண்ணம் இருந்தால் இன்னும் கடுமையாகச் சொல்கிறேன். நீங்கள் வேலை பார்த்த ஐதராபாத்துக்குப் பக்கத்தில், பட்டான்செருவில் பல மருந்து ஆலைகளின் தண்ணீரைச் சுத்திகரித்த பொது நிலையத்தின் வெளியேற்றத்தில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்ததாக 2007-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம் அது. அப்படிப்பட்ட தண்ணீரில் பிழைத்து வளரும் கிருமிக்கு அந்த மருந்து அப்புறம் வேலை செய்யாது. மத்திய அரசு 2020 ஜனவரியில் கழிவுநீரில் தங்கும் ஆன்டிபயாடிக் மீதத்துக்கு வரம்பு வைத்து வரைவு வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இல்லை. சட்டத்தில் எண் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2024-ல் இதற்கென்றே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. பென்சிலின் வகையைக் காரத்தில் வைத்தே முறிக்கலாம். சிப்ரோ வகை அப்படி முறியாது, ஸ்லட்ஜில் (அடியில் படியும் சேறு) ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும்; ஓசோன் அல்லது ஃபென்டன் முறை (இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து முறிப்பது) வேண்டும். எதுவானாலும் ஏரேஷன் தொட்டிக்கு முன்பே முறிக்க வேண்டும்.

இடம் வாங்கும் முன் தூரத்தை அளந்து பாருங்கள். மாசுபடுத்தும் தொழில்களை நீர்நிலைகளிலிருந்து தள்ளி வைக்கும் 1989 தமிழக அரசாணையும், காவிரிக்கும் அதன் கிளையாறுகளுக்கும் 5 கிலோமீட்டர் என்று சொல்லும் 1998 அரசாணையும் உண்டு. பவானி, நொய்யல், அமராவதி எல்லாமே அந்தக் கிளையாறுகள்தான். பல்க் டிரக்குக்கு 2006 அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் முன்அனுமதியும், அதன்பின் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைகளும் வாங்க வேண்டும். நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி, அது சாயத்தண்ணீர் தேங்கும் குட்டையாகி, கீழ்ப்பகுதி விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று நீதிமன்றம் போனார்கள். 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது எத்தனை வீடுகளில் வேலை போனது என்று உங்கள் அய்யனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்துக் கிணறு ஒருமுறை கெட்டால் நம் ஆயுளில் சரியாகுமா என்பதே சந்தேகம்.

எவாப்பரேட்டர் உப்பு, ஸ்பென்ட் கார்பன் (பயன்படுத்தித் தீர்ந்த கரித்தூள்), தங்கிப்போன சால்வென்ட், எல்லாமே 2016 விதிகளின்படி அபாயக் கழிவு. 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. அபாயக் கழிவைக் கையாளும் நிலையம் உள்ள கும்மிடிப்பூண்டிக்கு லாரி வாடகையைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பலர் இதை மறந்துதான் திட்ட அறிக்கை எழுதுகிறார்கள்.

மாத்திரை மட்டும் என்றால் நிச்சயம் சுலபம். சுற்றுச்சூழல் முன்அனுமதி தேவையில்லை, வருவது பெரும்பாலும் கழுவுநீர். மெஷினை நேரே தண்ணீர் விட்டுக் கழுவாமல், முதலில் வாக்குவம் போட்டுத் தூளை உறிஞ்சித் துடைத்து எடுங்கள். முதல் அலசலைத் தனியே பிடியுங்கள், மருந்தில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகளுக்குத் தனிக் கட்டடமே வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

எதைத் தேர்ந்தாலும், கொட்டேஷன் கேட்கும் முன் ஒவ்வொரு சரக்குக்கும் எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு எதில் வெளியே வருகிறது என்று ஒரு தாள் எழுதுங்கள். லேபில் வந்த அசல் மதர் லிக்கரை கேனில் பிடித்து மெஷின் விற்பவரிடம் கொடுத்து, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உலர்ந்த உப்பு தூளாக வருகிறதா, பிசினாக ஒட்டுகிறதா, கண்டன்சேட்டின் சி.ஓ.டி. எவ்வளவு என்று நீங்களே நின்று பார்த்து எழுதிக்கொண்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.