பயிற்சியில் இருக்கும் கவுன்சலர் தன்னிடம் வருபவர்களை எப்படி அணுக வேண்டும்?

உளவியல் முதுகலை இரண்டாம் ஆண்டில் இருக்கிறீர்கள், அடுத்த மாதம் முதல் நேரடியாகக் கிளையன்ட்களைப் பார்க்கப் போகிறீர்கள். உட்கார்ந்ததும் "நான் என்ன செய்யணும், நீங்களே சொல்லுங்க" என்று ஒருவர் கேட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். மனசு சரியில்லை என்றால் வீட்டுப் பெரியவரிடமோ ஜோசியரிடமோ போய் வழி கேட்பதுதான் நம் ஊர்ப் பழக்கம். உங்கள் முன்னாலும் அதே எதிர்பார்ப்போடு உட்காருவார்கள். அவசரப்பட்டு வழி சொன்னீர்களென்றால், பெரும்பாலும் அது அவர் ஏற்கெனவே பத்துப் பேரிடம் கேட்டதாகவே இருக்கும். இல்லாவிட்டால் செய்து பார்ப்பார், பலிக்காது, அதைச் சொல்லச் சங்கடப்பட்டு வராமலே நின்றுவிடுவார். "அதைக் கட்டாயம் பேசுவோம். இதுவரைக்கும் நீங்க என்னென்ன செஞ்சு பார்த்தீங்க, அதில் எது கொஞ்சமாவது உதவுச்சு?" என்று கேளுங்கள். கேள்வியைத் தட்டிக்கழித்ததாகவும் இருக்காது, உங்களுக்கும் நிறையத் தெரியவரும்.

முதல் செஷன் 50 நிமிடம் என்றால் முதல் பத்து நிமிடத்தை ஒப்புதலுக்கு, அதாவது இங்கே என்ன நடக்கும் என்று விளக்கி அவர் சம்மதம் பெறுவதற்கு, ஒதுக்குங்கள். நீங்கள் பயிற்சியில் இருப்பவர், சூப்பர்வைசரிடம் இதைப் பற்றிப் பேசுவீர்கள் என்பதை மறைக்காதீர்கள். "டாக்டர்" என்று கூப்பிட்டால் அப்போதே திருத்துங்கள். மாத்திரை எழுதித் தருவீர்கள் என்று நம்பி வந்திருக்கலாம். பேசுவது வெளியே போகாது என்று சொல்லும்போதே அதன் எல்லையையும் சொல்லுங்கள்: அவர் உயிருக்கு ஆபத்து, இன்னொருவர் உயிருக்கு ஆபத்து, குழந்தை மீது பாலியல் வன்முறை. மூன்றாவதில் உங்களுக்கு வேறு வழியே இல்லை. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரியவந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். பயிற்சி மாணவர் என்பதால் விலக்குக் கிடையாது. ஒரு பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிய பிறகு இதைச் சொன்னால் அது நம்பிக்கைத் துரோகமாகவே படும். அதனால்தான் முதலிலேயே சொல்ல வேண்டும்.

கதவுக்கு வெளியே காத்திருக்கும் அம்மாவோ கணவரோ "உள்ளே என்ன சொன்னா?" என்று கேட்பார்கள். அவர்களிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று கிளையன்டோடு முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள்.

இனி, கேட்பது. பயிற்சியில் இருப்பவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான். "ஒரு மாதிரியா இருக்கு" என்பார்கள். தமிழில் இது பயமாக, வெட்கமாக, வெறுமையாக, கோபமாக, எதுவாகவும் இருக்கலாம். நீங்களாக "டிப்ரஷன்" என்று பெயர் வைத்துவிடாதீர்கள். "அந்த ஒரு மாதிரி உடம்பில் எங்கே தெரியுது? கடைசியா எப்போ வந்துச்சு? அப்போ பக்கத்தில் யார் இருந்தாங்க?" என்று ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுக் கேளுங்கள். "நெஞ்சு அடைக்குது", "தலை பாரமா இருக்கு" என்று உடம்பைச் சொல்லித்தான் பலர் மனசைச் சொல்வார்கள். அதே சமயம் நெஞ்சுவலி உண்மையிலேயே நெஞ்சுவலியாக இருக்கலாம். தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் சோர்வாக வெளிப்படும். மருத்துவரைப் பார்த்தாரா என்று கேட்காமல் எல்லாவற்றையும் மனசின் கணக்கில் எழுதக்கூடாது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவரிடம் நிறுத்துவது, குறைப்பது பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே அனுப்புங்கள்.

அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது அவருடைய சொல்லையே பயன்படுத்துங்கள். "மாமியார் பேசினா உள்ளே எரியுது" என்றவரிடம் "உங்களுக்குக் கோபம் வருகிறது" என்றால் பாதி போய்விடும். "எரியுதுன்னு சொன்னீங்க…" என்று நிறுத்துங்கள், மீதியை அவர் சொல்வார். அழுதால் டிஷ்யூவை நீட்டிவிட்டு உடனே பேச ஆரம்பிக்க வேண்டாம். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும். "எல்லாம் சரியாயிடும்" என்பதும், "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்பதும் அவர் வாயை அடைக்கும் சொற்கள்.

தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. பலருக்கு ஒருவர் கேட்டதே ஆறுதல். மனச்சோர்வின் அளவைப் பார்க்கும் பி.எச்.கியூ-9 படிவத்தில் கடந்த 2 வாரம் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கூடுதல் கவனம் தேவை. ஆனால் அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது. மொத்தம் 6 மட்டுமே வந்தாலும் சாவு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றிய எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு 1 போட்டிருந்தால் விடாதீர்கள். "செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா? எப்படின்னு யோசிச்சீங்களா? அதுக்கானது வீட்டில் இருக்கா? எப்போன்னு நினைச்சீங்க?" என்று குரலை மாற்றாமல் வரிசையாகக் கேளுங்கள். வழியும் நாளும் தெளிவாக இருந்தால் அவரைத் தனியாக அனுப்பக்கூடாது. அவர் அறையில் இருக்கும்போதே சூப்பர்வைசரை அழையுங்கள்.

ஆபத்து அந்த அளவுக்கு இல்லை என்று சூப்பர்வைசரும் ஒத்துக்கொண்டால், பாதுகாப்புத் திட்டத்தை அவர் கையாலேயே எழுத வையுங்கள்: எண்ணம் வரும் முன் தெரியும் அறிகுறி, தானாகச் செய்யக்கூடியது, மனசைத் திருப்பும் இடமும் ஆட்களும், உதவி கேட்கக்கூடியவர், கூப்பிட வேண்டிய எண், கடைசியாக ஆபத்தான பொருளை அப்புறப்படுத்துவது. இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். விவசாய வீட்டில் பூச்சிமருந்து டப்பா இன்று யார் கைக்குப் போகும் என்பதுவரை பேசி முடியுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று குடும்பம் பயந்தால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

குறிப்பை அன்றே எழுதுங்கள். அவர் சொன்னது தனியாக, உங்கள் ஊகம் தனியாக, பெயருக்குப் பதில் குறியீடு. சூப்பர்வைசரிடம் போகும்போது நன்றாகப் போன செஷனைவிட, உங்களுக்கு எரிச்சலோ அளவுமீறிய பரிதாபமோ வந்த செஷனை முதலில் கொண்டுபோங்கள்.

உங்கள் பயிற்சிக்காலம் முடியும் தேதியைக் கிளையன்டுக்கு ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். கடைசி மூன்று நான்கு செஷனில் மறுபடி நினைவூட்டி, அடுத்து யாரிடம் போவார் என்பதை அவரோடு பேசி உறுதி செய்தபின் விடைபெறுங்கள்.