படம் கட்டம் கட்டமாக உடைகிறதே!

கேள்வி: சிங்கப்பூர் தோ பாயோவில் நான்காம் மாடி வீடு. டிஜிட்டல் பெட்டி வைத்தும் வசந்தம் ஒளிவழியில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. பெட்டியை மாற்றணுமா?

பதில்: வேண்டாம். படம் கொஞ்சமாவது வருவதால் பெட்டி டிவிபி-டி2 (இங்குள்ள டிஜிட்டல் ஒளிபரப்பு முறை) வகைதான். அதற்கு முந்தைய வெறும் டிவிபி-டி என்றால் ஒளிவழியே அகப்படாது. ஆன்டெனா இருக்கும் இடத்தைச் சந்தேகப்படுங்கள். 2019 தொடக்கத்தில் நின்றுபோன பழைய அனலாக் ஒளிபரப்பில் அலை குறைந்தால் புள்ளி தூவும், படம் தெரியும். டிஜிட்டலில் அந்தச் சலுகை கிடையாது; ஓர் அளவுக்குக் கீழே போனால் உடையும், பிறகு கறுப்புத் திரைதான்.

மெனுவில் சிக்னல் தரப் பட்டையைத் திறந்துவைத்து, ஆன்டெனாவைச் சன்னல் பக்கம் சாண் சாணாக நகர்த்துங்கள். இரும்புக் கிராதியை ஒட்டி வைக்காதீர்கள். அலையைப் பெருக்கும் பூஸ்டர் வாங்க ஓடாதீர்கள். அது அலையில் கலந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.